போனில் பார்த்த அடி

மார்ச் 4, மதியம்
காலையிலிருந்தே அவசரப் பிரிவில் கூட்டம், டியூட்டி டாக்டர் நான் ஒருவன்தான். பத்து மணிக்கு அக்கா போன். பையன் சைக்கிள் பாரில் இடித்துக்கொண்டானாம், கவட்டையில் வலியாம். வீங்கியிருக்கா என்றேன். பதினொரு வயசாச்சே, காட்ட மாட்டேங்கிறான் என்றாள். பையன்களுக்கு இது சகஜம், ஐஸ் வை, வலி மாத்திரை கொடு, சாயங்காலம் ஓடுவான் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்குச் சாப்பிடும்போது இதைச் சிரிப்பாகச் சொன்னேன். சீனியர் நர்ஸ் சிரிக்கவில்லை. "வாந்தி எடுத்தானா சார்?"

கேட்கவில்லை. வேறு யார் பையனாக இருந்தாலும் கேட்டிருப்பேனே?

போன் பண்ணினேன். இரண்டு தடவை எடுத்தானாம். "இப்ப வயிறு வலிங்கிறான். நீதான் சரியாயிடும்னியே தம்பி." உடனே கொண்டு வா, தண்ணீர்கூடக் கொடுக்காதே என்றேன்.

மார்ச் 4, மாலை
ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா வெளியே போனால்தான் காட்டுவேன் என்றான். போனாள். இடது விதை மேலே ஏறிக் குறுக்காகக் கிடந்தது. உள்தொடையைத் தடவினேன்; விதையில் வர வேண்டிய அனிச்சை அசைவு வரவில்லை. உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கிறது. ரத்தம் நின்றால் விதையைக் காப்பாற்ற ஆறு மணி நேரம்தான் கணக்கு — மணி நாலேகால்.

சர்ஜன் ஓடி வந்தார். முதலில் யார் பார்த்தது என்றார்.

"யாரும் பாக்கல டாக்டர். நானாதான் ஐஸ் வெச்சேன்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்டா திறக்கல?

உள்ளே கொண்டுபோய் நாற்பது நிமிடம். கறுத்திருக்கக் கூடாது. கறுத்திருக்கவே கூடாது.

மார்ச் 5
கறுத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். மற்றது முறுக்கிக்கொள்ளாதபடி தைத்திருக்கிறார்கள். ஒன்றே போதும், நாளைக்கு அப்பாவாகலாம் — எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தேன்?

"காலைலயே வந்திருந்தா சரியாயிருக்குமா மாமா?"

பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றேன். வீட்டிலேயே இருக்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அக்கா போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மார்ச் 6
போனில் ஐஸ் வைக்கச் சொன்னது நான் என்று சர்ஜனிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வைத்தேன்.

ஜூன் 19
அக்கா போன். பையனுக்கு மூன்று நாளாக இருமல். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. நல்ல குழந்தை டாக்டர் நம்பர் இருந்தால் கொடு என்றாள். நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

"உனக்கு எதுக்கு தம்பி சிரமம்."

பிரியமாகத்தான் சொன்னாள். நம்பரை அனுப்பினேன்.