பதினொரு விநாடி

கிளிநொச்சி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள யூட்சனுக்கு,

நானும் மகளும் சுகம். கட்டார் வெயிலில் மாதா உங்களுக்கு நிழலாக இருக்கட்டும். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம், மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். இன்று காலை கஞ்சி கேட்டுக் குடித்தாள்.

மாமி உங்களுக்குச் சொன்னது உண்மைதான். நான் கையெழுத்து வைக்கவில்லை.

தொலைக்காட்சியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராகி நான் அனுப்பிய முதல் திட்டம் ‘நேசமலர் அக்காவின் கதை’. முல்லைத்தீவுக் கரையில் கிழிந்த வலை பொத்துகிற அக்கா அரை மணித்தியாலம் கதைப்பா, சனம் கேட்கும். அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த புதுப் பணிப்பாளர் கொழும்பில் இருந்தே சம்மதித்தார். பார்த்தால் ஒரு வசனகர்த்தாவும் ஒரு நடிகையும் வந்து இறங்குகிறார்கள்! எங்களுக்குக் கதை என்றால் கதைக்கிறது, அவருக்கு நாடகம். அக்கா அந்த நடிகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிள்ளை, நான் இன்னும் சாகேல்லை. என்ர வாய் என்னட்டத்தான் இருக்கு” என்றா.

அக்கா கதைத்ததைப் படம் பிடித்து அனுப்பினேன். பணிப்பாளருக்குப் பேச்சு விளங்கவில்லையாம். நடிகையின் குரலை மேலே போடட்டாம், அக்கா பேசாமல் இருக்கிற இடத்தில் வயலின் போடட்டாம். சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் கொழும்பில் பெரிய பதவி. இல்லையென்றால் இந்த மாதத்தோடு வேலை போய்விடும்.

செய்தி வாசிக்கப் போன என்னை, என் தமிழ் வன்னித் தமிழாய் இருக்கிறதென்று திருப்பி அனுப்பியது ஞாபகமா? பிறகு எட்டு வருடம் எடிட்டிங் அறையில் இருந்து மற்றவர்களின் வாயை வெட்டினேன். வன்னிச் சனம் அழுதால் வைக்கச் சொல்லுவினம், சிரித்தால் வெட்டச் சொல்லுவினம். வெட்டினேன், யூட்சன். நன்றாகவே வெட்டினேன்.

அக்கா மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்து, பதினொரு விநாடி பேசாமல் இருக்கிறா. பிறகு வலையைத் தூக்கி, “இந்த நண்டுகளுக்கு எங்கட வலைதான் ருசி” என்று சிரிக்கிறா. அதற்குள் வைக்க என்னிடம் கத்தரிக்கோல் இல்லை.

‘பிள்ளையை நினைத்துக் கையெழுத்தை வை’ என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையை நினைத்துத்தான் வைக்கவில்லை. அவளும் “ஆமா” என்றில்லை, எங்களைப் போல “ஓம்” என்றுதான் சொல்லப் பழகுகிறாள். பயம் இல்லாமலில்லை. ஆனால் மாத முடிவு வரைக்கும் பொறுப்பாளர் நான்தான். ஞாயிறு ஏழு மணிக்கு அக்கா தன் வாயாலேயே கதைப்பா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் போனில் “வேறென்ன?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பீர்களே, அதை நான் ஒருநாளும் வெட்டியதில்லை. ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் எனக்கு ஒரு போன் எடுங்கோ. கோபமென்றால் கதைக்கவும் வேண்டாம். போனை மட்டும் வைத்துவிடாதேங்கோ.

உங்கள்
கிருசாந்தினி