சுமதி கம்பெனியின் விலை

12.9.1998, சனி

சுமதியின் கம்ப்யூட்டர் கம்பெனியைச் சென்னைக்காரர் ஒருவருக்கு விற்பது பற்றி இன்று பேசினோம். அதில் பணம் போட்டவர்கள் நானும் ரங்கசாமி அண்ணனும்தான். கம்ப்யூட்டரில் தூசி படக்கூடாது என்று, காந்திபுரத்தில் உள்ள கம்பெனியின் மாடி அறைக்குள் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனோம்.

"நாலு பழைய கம்ப்யூட்டரு, ஒரு ஏசி. சென்னைக்காரன் குடுக்கறத வாங்கிக்கலாமுங்க," என்றார் அண்ணன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் வருடம் கருமத்தம்பட்டி மில்லுக்குச் சம்பளக் கணக்கு புரோகிராம் போட்டுக் கொடுக்க, நானும் சுமதியும் பஸ்ஸில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனோம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம்.

"வெலை அந்தச் சாமானுக்கா அண்ணா? இருபது மில்லு சுமதிய நம்பி இருக்குதுங்க. நான் விக்கமாட்டனுங்க," என்றேன்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த சுமதி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இருபது மில்லுல எதுல கம்ப்யூட்டரு நின்னாலும் நாந்தானுங்க ஓடறேன். இனி முடியாதுங்க. எனக்கு விக்கோணும்."

"சரி அம்மணி," என்றேன்.

ஏழு வருடமாகக் கூடவே இருக்கிறேன். களைப்பாக இருக்கிறதா என்று அவளை ஒருநாள்கூடக் கேட்டதில்லை.