சிமிட்டாத இண்டிகேட்டர்

தம்பி,

உன் பழைய காரோட இண்டிகேட்டர் இன்னைக்கும் சிமிட்டல. நான் போட்டுட்டுதான் திரும்பினேன். பின்னால வந்த வேன்காரன் இடிச்சுட்டு இறங்கி வந்தான். “சிக்னல் போடத் தெரியாதா?”ன்னு என் முடியைப் பிடிச்சு ஜன்னல் சட்டத்துல மோதினான். மறுபடி மோதும்போது சீட்டுக்கடியில கிடந்த வீல் ஸ்பேனர் கையில அகப்பட்டுச்சு. அவன் முழங்கையில ஓங்கிப் போட்டேன். எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

நெத்தியில தையல் போட்டாச்சு. இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். சோறு அடுப்புமேல இருக்கு. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற புது ஃப்ளாஷர் வாங்கி மேஜையில வெச்சிருக்கேன், உடனே மாட்டு. “ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்”னு இனி சொன்னா உனக்கும் ஒண்ணு விழும்.

அக்கா

பி.கு: அவனைத் தேடிக்கிட்டுக் கிளம்பாத. உன் பங்குக்கும் சேர்த்து அடிச்சிட்டேன்.

ஃப்ளாஷர் கிடக்கட்டும். ஸ்டேஷனுக்கு வந்து பக்கத்துல உட்காரு.