ஏழு ஒன்றுகள்

3/3 திங்கள்
காலையிலிருந்தே மழை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் லீவு சொல்லியாயிற்று. கோலா பிலா டவுனுக்குப் போகும் பஸ் தாமதம். ஆஸ்பத்திரி சேரும்போது சேலை நனைந்து விட்டது.

வீட்டுக்காரருடைய வலது கால் கணுக்கால் வரை கறுப்பு. சர்க்கரை. கண்ணை இரண்டு வருடத்துக்கு முன்பே கொண்டுபோய்விட்டது. காலை எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் டாக்டர். கணக்கு முடியட்டும், பிறகு போடுகிறேன் என்கிறார் இவர்.

கணக்கு: 1111111. ஏழு ஒன்றுகள். மீதியில்லாமல் வகுக்கிற எண் உண்டா, இல்லை பகா எண்தானா. டிராக்டர் ஓட்டிய காலத்தில் ஆரம்பித்தது. சிறிய பகா எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்து 113 வரை வந்திருந்தார். கண் போனதும் நின்றது. 1054 வரை பார்த்தால் போதுமாம். போதுமாம்!

இனி நான் வகுக்க வேண்டும். 127, மீதி 115. 131, மீதி 100.

4/3 செவ்வாய்
வாங்க: துண்டு, பென்சில், மண்ணெண்ணெய்.
137, மீதி 41. 139, மீதி 84. விரல் வலி. பக்கத்துக் கட்டில்காரர் மனைவி, மளிகைச் சாமானா எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கறுப்பு ஏறுகிறது. நாற்றம். கட்டுப் போடும் நர்ஸ் மிஸ்ஸி முகம் சுளிக்கவில்லை. நல்ல பெண். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டுமாம். நாளைக்குள். நானே அவரிடம் சொல்கிறேன் என்றேன். அவரிடம் போய் முழங்காலுக்குக் கீழே என்று சொன்னேன்.

5/3 புதன்
கைத்தொலைபேசியில் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்டளை. மகள் கவிதாவிடம் கேட்டுவிட்டேன்.
"தட்டுனா வந்துருமே லா, இதுக்குப் போய் ஏம்மா?"
239 பெருக்கல் 4649. நடுவில் இன்னும் பதினேழு பகா எண்கள். வகுக்க நேரமில்லை.

வீட்டில் உட்கார்ந்து எல்லாம் போட்டுவிட்டேன், 239 வகுக்கிறது என்றேன். அவர் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம். பிறகு, 167க்கு மீதி எவ்வளவு என்று கேட்டார். 12 என்றேன். வாயில் வந்தது.

மனக்கணக்குப் போட்டார். உதடு மட்டும் அசைந்தது. சோறு வந்து ஆறியது.

"அறுபது," என்றார். "இதுல பொய் சொல்லிட்ட புள்ள. வேற எதுல சொன்ன?"

சொன்னேன். முழங்காலுக்கு மேலே என்று.

பேனா கேட்டார். கையைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தேன். போட்டார்.

6/3 வியாழன்
மூன்று மணி நேரம். பிளாஸ்டிக் நாற்காலி. கவிதா வந்தாள், அழாதேம்மா என்றாள். நான் அழவில்லை. உயிருக்கு ஆபத்தில்லையாம். போர்வை ஒரு பக்கம் தட்டை.

8/3 சனி
வெயில். காய்ச்சல் இறங்கிவிட்டது. மிஸ்ஸியிடம் பேசுகிறார். கவிதாவிடம் பேசுகிறார். 239ஆல் வகுக்கச் சொல்லி, ஒவ்வொரு இலக்கமாக அவளை வாசிக்க வைத்துச் சரிபார்த்தாராம். மீதி இல்லை.

என்னிடம் மட்டும் பேச்சில்லை. கஞ்சி ஊட்டினேன். வாயைத் திறந்தார். கரண்டியை எடுத்ததும் மூடிக்கொண்டார்.