ஊதா எண்ணெயும் பெயரில்லாத குளிசையும்

நேற்று எங்கள் வீட்டுப் பழைய சோபாச் செற்றியை வீசுவதற்கு இழுத்தபோது, நீ தலை சாய்க்கிற மூலையில் அந்த ஊதாக் கறை அப்படியே கிடந்தது, மச்சான். வெட்பாலை எண்ணெய். குனிந்து மணந்து பார்த்தேன். பழசான தேங்காயெண்ணெய் மணம் இன்னும் இருந்தது. என் மனைவி வாசலில் நின்று, "மனுசன் போயும் எண்ணெய் போகேல்லை" என்றாள். இப்படி ஒரு கதை விழுந்தால் நான் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறவன். நேற்று, செற்றியின் மற்ற முனையைப் பிடி என்று மட்டும் சொன்னேன்.

அந்த இலையை வெயிலில் ஊறவைத்தால்தான் எண்ணெய் ஊதாவாகும் என்பாய். பிராங்பேர்ட்டில் ஏது வெயில்? போத்தலைப் பல்கனியில் வைத்துவிட்டு வேலைக்கு வருவாய். ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தாலும் வீட்டுக்குப் போன் எடுத்து, "போத்தலைத் திருப்பி வையப்பா" என்பாய். "சூரியனிட்டையும் நாள் நேரம் குறிச்சுத் தெர்மின் எடுத்து வைச்சிருக்கிறியோ?" என்று நான் கேட்பேன். உணவகத்துக் குசினியில் நீ கோப்பை கழுவுவாய், நான் பக்கத்தில் வெங்காயம் வெட்டுவேன். நீ தலையைச் சொறிந்தால் தோளெல்லாம் வெள்ளையாகும். "கோடையிலும் உனக்குப் பனி கொட்டுதடா" என்றால், "சிரி, சிரி. உன்ரை மொட்டையிலை கொட்ட ஒண்டுமில்லை" என்பாய்.

கோயில் அன்னதானத்தில்தான் உன் சிரிப்பு முதலில் நின்றது. நீ சோறு போட்டுக்கொண்டு வந்தாய். ஒரு பெண் உன் கையிலிருந்த செதிலைப் பார்த்தாள். சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "காணும் அண்ணை" என்றாள். அவளுடைய கோப்பையில் ஒரு பருக்கையும் இல்லை. நீ அகப்பையை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், கழுவிய அண்டாவையே திரும்பக் கழுவினாய். அதற்குப் பிறகு நீ பந்தியில் பரிமாறியதை நான் காணவில்லை.

தோல் வைத்தியரிடம் இருவரும்தான் போனோம். அந்த ஜெர்மன் மனுசி கையுறை போடாமலே உன் கையைப் பிடித்தார். இது சொரியாசிஸ், ஒட்டாது, தொட்டால் வராது என்றார். உடம்பைக் காக்கிற சக்தியே தவறிப்போய்ச் சொந்தத் தோலைத் துரத்துகிறது, அதனால் தோல் அவசரப்பட்டு வளர்ந்து செதிலாகக் கொட்டுகிறது என்று விளங்கப்படுத்தினார். நகத்தில் இருக்கிற குழிகளும், காலையில் விரல் மடங்காமல் இருப்பதும் இதே நோய்தானாம். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருமாம். அடியோடு போக்க முடியாது, ஆனால் பூச்சு, ஒளிச் சிகிச்சை, ஊசி என்று நன்றாக அடக்கி வைக்கலாம் என்று சொல்லி, ஊசிக்குத் தெர்மினும் தந்தார். படியிறங்கும்போது நீ சொன்னாய்: "எனக்கு அடக்க வேண்டாம். முழுக்கப் போகவேணும்."

ஏன் என்று எனக்குத் தெரியும். மகளின் கலியாணம் வந்துகொண்டிருந்தது. தாரை வார்க்கும்போது உன் கையில்தான் அவள் கை இருக்கவேண்டும். "கமராக்காரன் கையைத்தான் கிட்ட வந்து எடுப்பான். மாப்பிள்ளை பகுதி பாத்தா, பிள்ளைக்கும் இருக்கோ எண்டு கேப்பினம்" என்றாய்.

பிறகு அந்தக் குளிசை வந்தது. வேறு நகரத்தில் யாரோ ஊருக்குப் போய்வரும்போது இந்த மாத்திரையைக் கொண்டுவருகிறானாம். பையில் பெயரும் இல்லை, உள்ளே ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. "மூலிகை. பக்கவிளைவு இல்லை" என்று நீ சொல்லி, ஊசித் தெர்மினையும் நிறுத்திவிட்டாய்.

எல்லாம் போய்விட்டது. எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். வருடக்கணக்காகப் போகாத செதில், அயர்ன் பண்ணியதுபோலச் சில நாட்களில் மறைந்துபோனது. நீ இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டாய். முகம் உருண்டு வந்தது. "மாப்பிள்ளை நீயோ, அவனோ?" என்று நக்கலடித்துக்கொண்டே, வீங்கின உன் கன்னத்தைப் பார்த்தேன்.

"உந்த முகத்தை ஒருக்கா அந்தத் தோல் டொக்டர் மனுசியிட்டைக் காட்டடா."

"அவ ஏசுவா. கலியாணம் முடியட்டும்."

கலியாணத்தில் உன் கை மினுங்கியது. கமரா கிட்ட வந்தது. பிள்ளையின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, சனத்துக்கு மேலால் என்னைத் தேடிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய்.

குளிசை முடிந்தது. குளிசைக்காரன் போன் எடுக்கவில்லை. "நோய் மாறிட்டுதுதானே" என்று ஒரேயடியாக விட்டுவிட்டாய். பிறகு ஒரு நாள் உன் மனைவி கூப்பிட்டு நான் ஓடி வந்தபோது, நல்ல கோடை வெயிலில் நீ குளிர் ஜக்கெற் போட்டுப் பல் கிடுகிடுக்க இருந்தாய். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். திட்டுத் திட்டாக இல்லை. கழுத்திலிருந்து கால்வரைக்கும் ஒரே சிவப்பு. தோல் தாள் தாளாகக் கழன்று படுக்கையில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் என்ன மருந்து எடுத்தாய் என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றாய். நான் உன் ஜக்கெற் பொக்கற்றிலிருந்த வெறும் குளிசைப் பையை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மற்ற வைத்தியர்களைக் கூப்பிட்டார். கோர்ட்டிசோன் என்கிற ஸ்டீரொயிட் கலந்திருக்கவேண்டும், சட்டென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது பல மடங்காக எழும்பும் என்றார். காவலுக்குத் தோல் இல்லாத உடம்பில் கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது. நீ என்னைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாய். அதுதான் கடைசி. ஆனாலும் இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பையை எடுத்து நீட்டத்தான் செய்வேன்.

உன் வீட்டில் இரத்தத்தில் கிருமி என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் உன் திவசத்துக்குப் போனேன். மகள் தலைமுடியை ஒதுக்கியபோது காதுக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளைச் செதிலும் தெரிந்தது. உன் தமையனும் கண்டுவிட்டார். "தம்பியின்ரை வருத்தத்தை மாத்தின குளிசைக்காரனைக் கேட்டுப் பாப்பமே?" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, நடந்ததை முழுக்கச் சொன்னேன். உன் மனைவி குசினிக்குள் போனவள், நான் வெளிக்கிடும்வரை வெளியே வரவில்லை. இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

மகள்தான் காரடிக்கு இறங்கி வந்தாள். "மாமா, எனக்குத் தோல் டொக்டரிட்டைத் தெர்மின் கிடைச்சிருக்கு. கதைக்கிறதை நான் கதைப்பன். நீங்கள் பக்கத்திலை இருந்தாக் காணும்."

"வாறன் பிள்ளை."

இந்தத் திங்கட்கிழமை போனோம். காத்திருக்கிற அறையில் அவள் முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தாள். "ஒரு பகிடி விடுங்கோ மாமா" என்றாள். தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இப்போதெல்லாம் யாராவது தன் நோய் அடியோடு மாறிவிட்டது என்று சந்தோசமாகச் சொன்னாலும் எனக்குச் சிரிக்க முடிவதில்லை. என்ன எடுத்தனீங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். எழும்பினாள். கையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, காது இரண்டும் தெரிய முடியை உயர்த்திக் கட்டினாள். ஜக்கெற்றை என் மடியில் போட்டுவிட்டுத் தனியாகவே உள்ளே போனாள்.