ஓரத்தில் நின்றவன்

போலீஸ் ஏட்டு மாதிரி என்னை அதட்டியே வளர்த்த என் ஏட்டம்மா அக்காவுக்கு,

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத உன் தம்பி லைப்ரரிக்குப் போனான் என்று வெளியே சொல்லிவிடாதே, ஊர் சிரிக்கும். மாடியில் நம் ஊர் வரலாற்றுக்கென்றே ஓர் அறை. பழைய வரைபடங்கள், உள்ளூர்ப் பத்திரிகைகள் எல்லாம் வருஷவாரியாக பைண்ட் செய்து அடுக்கியிருக்கிறார்கள்.

"என்ன தேடுறீங்கய்யா?" என்றாள் லைப்ரரியம்மா.

"எங்கக்கா மகன் பந்தாட்டத்துல கப்பு வாங்கின படம்மா. வீட்டுல இருந்த படமெல்லாம் வெள்ளத்தோட போச்சு."

வெள்ளத்தோடு போனது படம் மட்டும்தானா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிடைத்தது, அக்கா. கப்போடு எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நம் பயல் வழக்கம்போல ஓரத்தில். பைண்ட் செய்த புண்ணியவான் தாள்களைச் சமமாக்க ஓரத்தை வெட்டியிருக்கிறான். முகம் அதோடு போய்விட்டது. மிச்சம் ஒரு தோளும் ஒரு காதும்தான்.

"வேற பிரதி இருக்காம்மா?"

"பத்திரிகை ஆபீஸும் அதே வெள்ளத்துல போயிடுச்சுங்கய்யா. இது ஒண்ணுதான் மிச்சம்."

நீ புறப்பட்டு வராதே. இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்து ஒரு காதைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய்? அவன் காதுதான், சந்தேகமில்லை. முறம் மாதிரி விரிந்த, நம் அப்பாவின் காது. பொய் சொல்லும்போதெல்லாம் நான் பிடித்துத் திருகுவேனே, அதே காது.

விரல் தானாக அதன்மேல் போய்விட்டது.

"தொடாதீங்கய்யா, தாள் பொடிஞ்சிடும்" என்றாள்.

கையை எடுத்துவிட்டேன், அக்கா.

உன் வாயாடித் தம்பி