காற்று வெள்ளையாகத் தெரியும் படம்

02.11.98 திங்கள்
காலையிலிருந்து மழை. பதினாறு எக்ஸ்ரே எடுத்தேன். மூன்று கை முறிவு, மிச்சம் நெஞ்சு. கடைசியாக என் மனைவி சலீமா. "மூச்ச இழுங்க, புடிங்க" என்று எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். பிடிக்க முடியாமல் இருமினாள். மூன்றாம் தடவைதான் படம்.

படம் துப்புரவு, ஒரு நிழலும் இல்லை. ஏழு மாதமாக அப்படித்தான். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெஞ்சில ஒண்டுமில்ல. வீட்டுல ஏதும் யோசினையா?"

வரும் வழியில் சலீமா படத்தை நனையாமல் முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

04.11 புதன்
மழை விட்டது. நஃபீஸின் கடிதம். சலீமாவின் தம்பி, இங்கிலாந்தில் பௌதிகம் படிக்கிறான். அங்கே ஒரு புது ஆராய்ச்சி. ஹீலியம் வாயுவை லேசர் ஒளியால் பதப்படுத்தி, அதன் அணுக்களை ஒரே பக்கம் திருப்பி வைக்கிறார்கள். நோயாளி அதைச் சுவாசித்துவிட்டுக் காந்த ஸ்கானுக்குள் படுக்க வேண்டும். காற்றுப் போகும் இடம் வெள்ளை. போகாத இடம் கறுப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லாதவர்களுக்கும் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்ததாம். பத்துச் செக்கன் மூச்சைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு தரம் வாசித்தேன். பதினான்கு வருடமாக நெஞ்சுப் படம் எடுக்கிறேன். காற்று எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

சலீமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "எனக்கும் எடுப்பாங்களா?" என்றாள்.

"கேட்டு எழுதுறன்."

குசினிக்குள்ளிருந்து அவள் உம்மா, என் மாமி: "படத்துல ஒண்டுமில்லயாம். மனசிலதான் வருத்தம். தண்ணி ஓதிக் குடுப்பம்."

05.11 வியாழன்
கல்முனைச் சந்தை. அரிசி, மண்ணெண்ணெய், சீனி. கடிதம் போட்டாயிற்று. பின்னேரம் மணிக்கூட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்துப் பழகினோம். ஆறு செக்கன். பிறகு ஐந்து.

16.11 திங்கள்
சலீமா படிப்பிக்கிற பாடசாலையில், பாடம் நடுவே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாளாம். அதிபர் லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறார். தொழுகையில் ஃபாத்திஹாவின் கடைசி ஆயத்தை மூச்சுப் போதாமல் இரண்டு இடத்தில் நிறுத்தி ஓதுகிறாள். கேட்காதவன் போல் இருந்தேன்.

03.12 வியாழன்
நஃபீஸின் பதில் வந்தது. ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வந்தது நல்லது.

'மச்சான், கேட்டுப் பாத்தன். இது ஆராய்ச்சி மட்டும்தான். இஞ்சத்த நோயாளிகளத்தான் எடுப்பாங்க. எடுத்தாலும் எங்க அடச்சிருக்கெண்டு காட்டலாம், திறக்க ஏலா. சலீமா ராத்தாட்ட எப்பிடிச் சொல்றெண்டு எனக்குத் தெரியல.'

எனக்கும்.

05.12 சனி
சலீமாவால் கிணற்றடிக்குப் போக முடியவில்லை. நான்தான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி எழுதினானா?" "இன்னும் இல்ல."

07.12 திங்கள்
மறுபடி படம். துப்புரவு. டாக்டர் பார்க்கவே இல்லை, கையை அசைத்துப் போகச் சொன்னார்.

வீட்டில் ஜன்னலடியில் படத்தைப் பிடித்து, வலது பக்கம் கீழே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "இஞ்ச பாரு. நிழல்."

நெடுநேரம் பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்லல்ல."

"இல்ல."

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "மகள், தெரியாமக் கதச்சிட்டன்" என்று மாமி அவளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் வெளியே போய் மதிலோடு நின்றேன். அது இரத்தக் குழாயின் நிழல். எல்லாருக்கும் இருப்பது.

08.12 செவ்வாய்
விடியவே எழும்பித் தலை வாரியிருந்தாள். பல மாதம் காணாத முகம்.

"வருத்தத்தக் கண்டுபுடிச்சாச்சே. இனி மருந்து எழுதுவாங்கதானே?"

"ஓம், எழுதுவாங்க" என்றேன்.